அமே எழும்பலே

கோபிகிருஷ்ணனுக்கு இரண்டு அமே. ஒருத்தி பெற்றவள், நகரத்தை ஒட்டிய தாகேதாவில் வீட்டோடு இருந்தாள். இன்னொன்று கண்ணாடிக் குடுவையில் இருந்தது, பார்த்தால் கஞ்சி மாதிரி, முகர்ந்தால் கள்ளு மாதிரி. இரண்டுக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் வெயில் ஆகாது. இரண்டும் எப்போது மக்கர் பண்ணும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்பது வயதாகியும் கல்யாணம் கூடிவராத மனுஷனுக்கு இவ்வளவு குடும்பம் போதும் என்று யாரோ மேலிருந்து முடிவு பண்ணியிருக்க வேண்டும்.

அமே என்றால் பர்மியில் அம்மா. பெற்றவள் பெயர் டோ கின் மியா, தன்லியின் என்ற ஊரில் பிறந்த பர்மியப் பெண். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வீரப்பனைக் கட்டிக்கொண்டு தாகேதாவுக்கு வந்தாள். பிள்ளைகள் அப்பாவைத் தமிழில் அப்பா என்றும் அம்மாவைப் பர்மியில் அமே என்றும் கூப்பிட்டு வளர்ந்தார்கள். வீட்டில் முருகன் படமும் புத்தர் மாடமும் ஒரே சுவரில் இருந்தன, சண்டையில்லாமல். வீரப்பன் போய்ப் பத்து வருஷமாகிறது. அவர் விட்டுப்போனது தமிழ்ப் பேச்சு ஒன்றுதான். கோபியும் தங்கை மாலாவும் தங்களுக்குள் இன்னும் தமிழில்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. ஃபோனில் செய்தி அனுப்பும்போது தமிழைப் பர்மிய எழுத்தில் தட்டி விடுவார்கள். கேட்டால் தமிழ், பார்த்தால் பர்மி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கழுத்தை அறுத்தது இதுதான்.

இரண்டாவது அமே கோபி வேலை பார்க்கும் ரொட்டிக்கடையில் பிறந்தது. நகரத்துக்கு நடுவே, வெளிநாட்டுக்காரர்களுக்காகவே திறந்த காப்பிக்கடை அது. ஈஸ்ட் போடாமல், மாவும் தண்ணீரும் தானாகப் புளித்து, அந்தப் புளிப்பிலேயே எழும்பும் ரொட்டிதான் அங்கே பேர்போனது. அந்தப் புளித்த மாவில் தினமும் கொஞ்சம் எடுத்து ரொட்டி மாவில் சேர்த்து, எடுத்த இடத்தில் புதுமாவு போட்டு வைத்தால் அது சாகாது. வெள்ளைக்கார முதலாளி அதை 'மதர்' என்றான். கடைப் பையன்களும் பெண்களும் அதைப் பர்மியில் அமே ஆக்கினார்கள். 'அமே சாப்பிட்டாச்சா', 'அமே எழும்பிருச்சா' என்று விசாரித்துக்கொள்வார்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்து நாடு தலைகீழானதும் முதலாளி ஒரே பெட்டியோடு விமானம் ஏறிவிட்டான். அமேயை விட்டுவிட்டுப் போனான். கடையை ரிஹானா வாங்கினாள்.

ரிஹானா நல்லவள். முப்பது வயது, சுறுசுறுப்பு, சம்பளத்தைத் தள்ளிப்போட மாட்டாள். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான்: நாள் கொண்டாடுவது. அமெரிக்காவில் வேலைவெட்டி இல்லாத எவனோ உட்கார்ந்து வருஷத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு தின்பண்டத்தைக் கட்டி வைத்திருக்கிறான் போல. ஜனவரி பத்தொன்பது பாப்கார்ன் நாள். பிப்ரவரி ஒன்பது பீட்சா நாள். ஏப்ரல் இரண்டு, வேர்க்கடலை வெண்ணெயையும் பழ ஜாமையும் சேர்த்துத் தடவித் தின்கிற நாள். ரிஹானா அந்தப் பட்டியலை அச்சடித்து மாவறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து, சுற்றுவழியில் இணையத்தைப் பிடித்து, தடைபோட்ட ஃபேஸ்புக்கில் போடுவாள். பிப்ரவரி ஒன்றாம் தேதிக்கும் அந்த அமெரிக்காக்காரன் ஏதோ கேக் வைத்திருக்கிறான். அன்று மட்டும் அவள் எதுவும் போடமாட்டாள். பட்டாளம் வந்த அந்தத் தேதியில் இந்த ஊரில் யாருக்கும் எதையும் கொண்டாடத் தோன்றாது.

"ஊரே செத்துக் கிடக்கு, இவங்களுக்குப் பாப்கார்ன் நாளாம்" என்று கோபி முணுமுணுப்பான். ஆனால் அந்த நாட்களில்தான் கடையில் ஆள் நிறைந்தது. அவனுக்கும் அது தெரியும். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டதால் பட்டாளத்துக்குப் பிடித்துப் போகும் பட்டியலில் பேர் வராது என்பது ஒரு நிம்மதி, மாசம் பிறந்தால் ரிஹானா கொடுக்கும் சம்பளம் இன்னொரு நிம்மதி. மூன்றாவதாகச் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

கடையில் அவனை மரியாதையாகக் கோ கோபி என்பார்கள். பர்மியில் காப்பியும் ஏறக்குறைய அதே சத்தம்தான். உள்ளேயிருந்து யாராவது 'கோ கோபி!' என்று கத்தினால் புது வாடிக்கையாளர் தன் காப்பிதான் வந்துவிட்டது என்று நிமிர்ந்து பார்ப்பார். மாவு அப்பிய கையோடு இவன் வந்து நிற்பான். பதினைந்து வருஷமாக நடக்கும் தமாஷ் இது, அவன் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டிருந்தான்.

ஜனவரி மாதம் ஒரு காலையில் பெற்ற அமேயின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அரைமணியில் தானாகச் சரியாகியும் விட்டது. கோபிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கிருந்த டாக்டர் பெண், மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது என்றாள். "இது எச்சரிக்கை. அடுத்தது பெரிசா வரும். ஒரு நாள் காலையில எழுந்திருக்க மாட்டாங்க, இல்லே பேச்சு வராது. அன்னிக்கு மூணு மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்தீங்கன்னா ஊசி போட்டுப் பார்க்கலாம். அதுக்கு மேலே கொண்டுவந்து பிரயோஜனமில்லே. இதை வீட்டிலே எல்லாருக்கும் சொல்லி வைங்க."

கோபி சொல்லி வைக்கவில்லை. மாலா பயந்த சுபாவம். போன வருஷ நிலநடுக்கத்துக்குப் பிறகு லாரி போனாலே வாசலுக்கு ஓடுகிறவள். மூன்று மணி நேரக் கணக்கைச் சொன்னால் ராத்திரி முழுக்க அமேயின் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் சுருக்கமாகச் சொன்னான்:

"அமேவுக்கு ஏதாவதுன்னா உடனே எனக்கு மெசேஜ் போடு மாலா. கால் பண்ணாதே, மாவறையிலே லைன் கிடைக்காது. மெசேஜ்னா எப்படியும் வந்துரும். என்ன செய்யணும்னு நான் சொல்றேன்."

"சரி அண்ணே" என்றாள் மாலா. அண்ணன் சொன்னால் அவளுக்கு அதற்குமேல் கேள்வி கிடையாது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி புளிமா ரொட்டி நாள். ரிஹானாவுக்கு வருஷத்திலேயே பெரிய நாள் அதுதான். போன வருஷம் மார்ச் கடைசியில் பூமி ஆடி, மண்டலே பக்கம் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்ததால் அவள் அதைக் கொண்டாடவில்லை. இந்த வருஷம் சேர்த்துவைத்துச் செய்யப்போகிறேன் என்றாள். காலையில் ரொட்டி. ஒன்பதரைக்குக் கோ கோபி வந்தவர்களுக்கு ரொட்டியின் சரித்திரம் சொல்ல வேண்டும். சாயங்காலம் வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன புட்டியில் அமே இனாம்.

புட்டிகளுக்கு ஒட்டும் சீட்டைக் கோபியிடம்தான் எழுதித் தரச் சொன்னாள். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினான். 'அமே எழும்பாவிட்டால் பயப்படாதீர்கள். கொஞ்சம் வெந்நீர் கொடுங்கள். துணி போட்டு மூடுங்கள். ஜன்னல் பக்கம் மாற்றுங்கள். பொறுமையாக இருங்கள்.' பர்மியில் நாற்பது சீட்டு அச்சாகி வந்தது. அதைப் பார்த்து அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

நாற்பது புட்டிக்கு வேண்டிய அமேயைக் கடையில் வளர்க்க முடியாது. மின்சாரம் நாலு மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேரம் இல்லை. அந்த வெயிலில் குளிர்பெட்டி நின்றுபோனால் அமே புளித்துக் காடியாகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை அப்படிச் செத்திருக்கிறது. அதனால் பாதியைப் பெரிய குடுவையில் வீட்டுக்குக் கொண்டுபோய், ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்திருந்தான். முதல் தேதி விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது அதை வெளியே எடுத்து, புதுமாவு போட்டு, மேசைமேல் வைத்தான். பெற்ற அமே கொசுவலைக்குள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். மாலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அமே எழும்புதான்னு பார்த்து ஒம்பது மணிக்கு மெசேஜ் போடு. மூணு மணிக்கு நானே வந்து எடுத்துக்கறேன்."

அவன் சொன்னது குடுவையை. மாலாவுக்கும் புரிந்துதான் இருந்தது.

கடையில் அன்று நல்ல கூட்டம். ஒன்பதேகாலுக்கு அடுப்பிலிருந்து ரொட்டிகள் வெளியே வந்து, ஆறும்போது படபடவென்று மெல்ல வெடித்தன. கோபி கையைக் கழுவிக்கொண்டு, மற்றவர்கள் சொல்லி வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டான். ரிஹானா அவனை எல்லார் முன்னாலும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். அப்போதுதான் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். மாலா. பர்மிய எழுத்தில் இரண்டே சொல்.

அமே எழும்பலே.

பர்மி மொழியிலேயே எழுதியிருந்தால் மாவுக்கு ஒரு சொல் வந்திருக்கும், மனுஷிக்கு வேறு சொல் வந்திருக்கும். தமிழில்கூட எழும்பியிருந்தால் பிரச்சினையில்லை. குடுவை என்றால் 'எழும்பிருச்சு' என்றிருப்பாள், பெற்றவள் என்றால் 'எழும்பிட்டாங்க' என்றிருப்பாள். ஆனால் இல்லை என்று வரும்போது தமிழ் ஆளையும் மாவையும் பிரித்துச் சொல்வதில்லை. யாருக்கும் எழும்பலேதான், எதற்கும் எழும்பலேதான்.

சனியன், ஐஸ் அதிகமாகிவிட்டது என்று நினைத்தான் கோபி. விரல்களுக்குப் பாடம் மனப்பாடம். சீட்டில் இருந்ததையே தமிழாக்கித் தட்டினான். 'பயப்படாதே. வெந்நீர் கொஞ்சம் குடு. துணி போட்டு மூடி ஜன்னல் பக்கம் மாத்து. பொறுமையா இரு. மூணு மணிக்கு வரேன்.' அதோடு இன்னும் ஒரு வரி தட்டினான்: 'அப்பவும் எழும்பலேன்னா கொட்டிரு.' அனுப்பப் போனவன், நாற்பது புட்டியை நினைத்து, கொட்டுவதாவது என்று அந்த வரியை மட்டும் அழித்தான். மிச்சத்தை அனுப்பினான்.

'சரி அண்ணே' என்று பதில் வந்தது. கோபி ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தான்.

நன்றாகத்தான் பேசினான். எகிப்தில் பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவளோ பிசைந்த மாவை மறந்துவிட்டுப் போயிருப்பாள், அது தானாகப் பொங்கியிருக்கும், தூக்கிப்போட மனசில்லாமல் சுட்டுப் பார்த்திருப்பாள், இப்படித்தான் இருந்திருக்கும் என்கிறார்கள் என்றான். ஈஸ்ட் கடைக்கு வந்து நூற்றைம்பது வருஷம்தான் ஆகிறது, அதற்கு முன்னால் உலகம் தின்ற பொங்கிய ரொட்டியெல்லாம் பெரும்பாலும் இப்படிப் பொங்கியதுதான் என்றான். பிறகு அலாஸ்காப் பனியில் தங்கம் தோண்டப் போனவர்களைப் பற்றிச் சொன்னான். குளிரில் அமே உறைந்து செத்துவிடக் கூடாதென்று அவர்கள் அதைப் பைக்குள் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு தூங்குவார்களாம். தங்கம் கிடைத்ததோ இல்லையோ, அமேயைக் கைவிடவில்லையாம்.

"நமக்கு இங்கே குளிர் இல்லை, வெயில். நாங்கள் ஐஸில் வைத்துக் காப்பாற்றுகிறோம்" என்று பர்மியில் அவன் முடித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். மணி பத்தரை. டாக்டர் பெண் சொன்ன மூன்று மணி நேரத்தில் பாதி அப்போதும் மிச்சம் இருந்தது.

மூன்று மணிக்குப் போய்ச் சேர முடியவில்லை. படம் எடுக்க நிறுத்தினார்கள். பிறகு பசுண்டவுங் ஓடைப் பாலத்தில் துப்பாக்கிக்காரர்கள் பஸ்ஸை ஓரங்கட்டி ஒவ்வொருத்தர் அட்டையாகப் பார்த்தார்கள். வீட்டுக்குள் நுழையும்போது நாலரை.

முதலில் கண்ணில் பட்டது குடுவை. எழும்பி, மூடியைத் தள்ளி, மேசைமேல் வழிந்து, தரையில் சொட்டி, எறும்பு வரிசை கட்டியிருந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எழும்பிருச்சே!" என்று கத்தினான்.

மாலா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "எங்கே எழும்பினாங்க? நானும் காலையிலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். நீ சொன்ன மாதிரி வெந்நீர் குடுத்தேன், எல்லாம் கடைவாயிலே வழிஞ்சுருச்சு. போர்வை போட்டு மூடினேன். பக்கத்து வீட்டு ஜெயம்மா அக்காவைக் கூப்பிட்டு ஜன்னல் பக்கமா மாத்திப் போட்டோம். அந்தக்கா டாக்டர்கிட்டே போகலாம்னாங்க, நான்தான் அண்ணன் பொறுமையா இருன்னு சொல்லியிருக்காருன்னேன். இன்னும் எழும்பலே அண்ணே."

ஜன்னலுக்குக் கீழே, ஏப்ரல் வெயிலில், சிவப்புப் போர்வைக்குள் கழுத்துவரை மூடிக் கிடந்தாள் டோ கின் மியா. வாய் ஒரு பக்கம் போயிருந்தது. ஒரு கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவனைப் பார்த்தது. அவள் பார்த்தாள் என்பதைப் பிறகு அவன் தனக்குத்தானே எவ்வளவு மறுத்தும் மறுக்க முடியவில்லை.

டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதே டாக்டர் பெண்தான் இருந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். "காலையில் ஒம்பதுலேர்ந்து" என்று மாலாதான் பதில் சொன்னாள். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கோபியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், திட்டியிருந்தால், அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் அமே போய்ச் சேர்ந்தாள்.

யோசித்து யோசித்துப் பார்த்தான். மூன்று மணி நேரக் கணக்கை மாலாவிடம் சொல்லியிருந்தால். ஒன்பது மணிக்கு மெசேஜ் போடு என்று குடுவைக்குச் சொல்லாமல் இருந்திருந்தால். இதையெல்லாம்விட அந்த அழித்த வரிதான் அவனைத் தின்றது. 'அப்பவும் எழும்பலேன்னா கொட்டிரு' என்று போயிருந்தால் மாலா ஒரு நொடியில் முழித்துக்கொண்டிருப்பாள். அம்மாவைக் கொட்டிரு என்று எந்த அண்ணனும் சொல்லமாட்டான். 'ஐயோ அண்ணே, மாவு இல்லே, நம்ம அமே' என்று எழுதியிருப்பாள். ஒரே ஒரு வரி. நாற்பது புட்டிக்காக அதை அழித்தான். அந்தப் புட்டிகளும் அன்று காலியாகத்தான் நின்றன. வீட்டுக் குடுவையை ஜெயம்மா கழுவிக் கவிழ்த்துவிட்டாள், சாவு வீட்டில் புளித்த மாவு இருக்கக்கூடாது என்று.

ஏழாம் நாள் பிக்குகளை அழைத்துச் சாப்பாடு போட்டார்கள். தெருக்காரர்கள் வந்தார்கள். ரிஹானா கடையிலிருந்து நாலு கூடை ரொட்டி கொண்டுவந்து, கோபியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கும் ஏதோ ஒரு தின்பண்டத்தின் நாளாகத்தான் இருந்திருக்கும். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கோபி தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாகப் போனான். மாலா பாயில் உட்கார்ந்து, வந்தவர்கள் ஒவ்வொருத்தரிடமும் ஃபோனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கு நடுவிலேயும் அண்ணன் எப்படிப் பார்த்துக்கணும்னு எழுதி அனுப்புனாரு. நான் ஒண்ணு விடாம அப்படியே செஞ்சேன். கடைசி நாள்லே ரெண்டு பேருமா நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம்."

எதிர்வீட்டுப் பர்மியக் கிழவிக்குத் தமிழ் தெரியாது. எழுத்து அவளுடைய எழுத்து, அதனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள், அர்த்தம் தெரியாமல், பிக்குகள் பிரித் ஓதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. பயப்படாதே. வெந்நீர் கொஞ்சம் குடு. துணி போட்டு மூடி ஜன்னல் பக்கம் மாத்து. பொறுமையா இரு. வாசித்து முடித்துவிட்டு, நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கோபியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மாலா நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் சரியாத்தானே செஞ்சேன் அண்ணே?"

கோபி தட்டைக் கீழே வைக்காமலே நின்றான். இதை அவள் இனிமேல் எத்தனை வருஷம் கேட்கப்போகிறாள் என்று தெரியாது. எத்தனை முறை கேட்டாலும் சொல்வதற்கு அவனிடம் ஒரு பதில்தான் இருந்தது. அதில் பொய்யும் இல்லை.

"சரியாத்தான் செஞ்சே" என்றான்.